ஜெனரேட்டருக்கு ஒரு ஃபைனல் செக்கிங்

என் அண்ணன் வீட்டில் இருக்கும் எந்தப் பொருளும் அவன் வாங்கியதில்லை. அவன் ஆற அமரத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கும்போதே பொறுமை போய் வேறு யாராவது கொண்டுவந்து போட்டவைதான் எல்லாம். ஃபிரிட்ஜ், அண்ணியின் அப்பா கொடுத்தது. வாஷிங் மெஷின் நான் வாங்கியது. அதற்கு முன் அண்ணன் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு மாடலை முடிவு செய்திருந்தான். முடிவு செய்த அன்றைக்கு விசாரித்தால், அந்த மாடலைக் கம்பெனிக்காரனே போன வருஷம் நிறுத்திவிட்டான் என்றார்கள். கட்டிலாவது இவன் வாங்கியிருப்பான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் முன்னால் குடியிருந்தவர்கள் படியில் இறக்க முடியாமல் விட்டுப்போனதாம்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை, வேலை அப்படி. சட்டை தைக்கும் கம்பெனியில் ஃபைனல் செக்கிங். தலைக்கு மேல் வெள்ளை ட்யூப்லைட், முன்னால் அகலமான மேஜை, மேஜை மேல் மலைபோல் சட்டை. காலர், கை, பட்டன் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு நூல் பிசிறு இருந்தாலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தையல்காரர்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். கம்பெனியில் அவனுக்குப் பெயரே ‘அம்பு’தான். அம்பு வருகிறான் என்றால் தைக்கும் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு மனதுக்குள் திட்ட ஆரம்பிப்பார்களாம்.

ஸ்டிக்கர் கம்பெனியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக் கதவில் பெயிண்ட் உரிந்த இடத்தில் ஒரு அம்பு. பாத்ரூம் டைல்ஸில் இரண்டு. ஒருநாள் நான் புதிதாகத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்த உடையில், முதுகுப் பக்கம் தையல் கோணல் என்று எனக்கே தெரியாமல் ஒட்டிவிட்டான். நானும் அதே வீட்டில்தான் இருக்கிறேன், மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். முதுகில் அம்புக்குறியோடு மாலை வரை நின்று மாத்திரை கொடுத்திருக்கிறேன். வந்தவர்கள் எல்லாரும் ஏன் அப்படிச் சிரித்த முகமாக இருந்தார்கள் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

இப்படிப்பட்டவன் அண்ணியை மட்டும் எப்படி ஒரே பார்வையில் ஒத்துக்கொண்டான் என்று எல்லாரும் கேட்பார்கள். அண்ணியே சிரித்துக்கொண்டு பதில் சொல்வாள். “என்னைப் பாக்க வந்த அன்னிக்குக் கரண்ட் இல்ல. இருட்டுல சரியா தெரியல போல.”

எங்கள் பகுதியில் கரண்ட் அப்படி. வருவதும் சொல்லிக்கொள்ளாது, போவதும் சொல்லிக்கொள்ளாது. மற்ற வீடுகளில் கரண்ட் போனால் விசிறியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். அண்ணி மட்டும் போர்வையை எடுத்துக்கொண்டு பின் அறைக்கு ஓடுவாள்.

பின் அறையில்தான் எங்கள் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக அண்ணி தன் பள்ளிக்கூட ஆபீஸ் வேலையை விட்டாள். அம்மா போன பிறகு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் அந்த அறையைப் பூட்டி வைத்திருந்தாள். பிறகு ஒருநாள் போய், ஒரே கடையில் பார்த்து, அன்றைக்கே ஒரு இன்குபேட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். கோழியில்லாமல் முட்டையை அடைகாக்கும் பெட்டி. உள்ளே சூடு கொடுக்க ஒரு ஹீட்டர், ஒரு சின்ன ஃபேன், ஈரத்துக்கு ஒரு தண்ணீர்த் தட்டு. மூன்று வாரம் சூடு குறையாமல் இருந்தால் குஞ்சு வரும். குறைந்தால் நாற்றம்தான் வரும். அண்ணன் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான், மூடி ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருக்கிறது என்று அம்பு ஒட்டினான், அதோடு அவனுக்கும் அந்த அறைக்கும் இருந்த தொடர்பு முடிந்தது.

முதல் தடவை வைத்த முட்டைகளைக் கரண்ட் தின்றுவிட்டது. பாதி நாள் வராத ஒரு நாளில் பெட்டி ஜில்லென்று ஆகிவிட்டது. அண்ணி தட்டைக் கழுவிக் காயவைத்தாள். மறுநாள் காலை அண்ணனிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். “ஒரு ஜெனரேட்டர் வாங்கிடலாங்க.”

அந்த வாக்கியத்தைக் கேட்டபோது அண்ணன் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். உடனே வாங்கப் போகிறான் என்று அண்ணி நினைத்தாள். எனக்குத்தான் தெரியும், இனி ஒரு வருஷத்துக்கு இவனுக்குப் பொழுது போய்விடும் என்று.

முதலில் லோடு கணக்கு. வீட்டில் எது எது எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தான். ஃபிரிட்ஜை நகர்த்திப் பின்னால் எழுதியிருப்பதைப் படித்தான். காலிங் பெல்லைக் கழற்றினான். இன்னும் வாங்காத ஏ.சி.யையும் சேர்த்துக்கொண்டான்.

“நீ அயர்ன் பண்றப்ப தண்ணி மோட்டாரும் போடுவியா?” என்று அண்ணியைக் கேட்டான்.

“கரண்ட் போனப்ப நான் எதுக்குங்க அயர்ன் பண்ணப் போறேன்? எனக்கு அந்தப் பெட்டி மட்டும் ஓடினா போதும். அது ரெண்டு மூணு குண்டு பல்பு அளவுக்குத்தான் இழுக்கும்.”

“அது இருக்கட்டும். மிக்ஸி எத்தனை நேரம் ஓடும்?”

அடுத்து பெட்ரோலா, டீசலா, கேஸா என்ற ஆராய்ச்சி. டீசல் புகை, பெட்ரோல் ஆவியாகும், கேஸ் ஸ்டார்ட் ஆகப் பிடிவாதம் பிடிக்கும். இன்வெர்ட்டரும் பேட்டரியும் போதாதா என்று நான் கேட்டேன். ஹீட்டரை நெடுநேரம் தாங்காது என்று ஒரு பிரசங்கமே செய்தான். பிரசங்கத்தில் தப்பு எதுவும் இல்லை. அண்ணனிடம் அதுதான் பெரிய கஷ்டம்; அவன் சொல்வது எல்லாமே சரியாக இருக்கும்.

பிறகு கடைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணைக்கு நானும் போனேன், அதன் பிறகு ஜென்மத்துக்கும் போகவில்லை. கையில் இன்ச் டேப், போனில் சத்தத்தை அளக்கும் ஆப், சட்டைப் பையில் ஸ்டிக்கர் சுருள். கடைக்காரர் பாவம், பெரிய ஆர்டர் என்று நினைத்து டீ வாங்கி வரச் சொன்னார். மூன்று ஜெனரேட்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டார்கள். அண்ணன் ஒவ்வொன்றின் பக்கத்திலும் போனைப் பிடித்துக்கொண்டு, முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, சுவருக்கு அந்தப் பக்கம் போய் ஒரு தடவை அளந்தான்.

“கொஞ்சம் பேசாம இருங்க. நீங்க பேசறதும் சேர்ந்து ஏறுது,” என்றான் கடைக்காரரிடம்.

கடைக்காரர் ரொம்ப நேரம் பேசாமல்தான் இருந்தார். கடைசியில், “சார், வீட்டுக்குன்னுதானே சொன்னீங்க? ராக்கெட் விடறதுக்கு இல்லையே?” என்று மெதுவாகக் கேட்டார்.

நல்லதாக இருந்த ஒன்றைப் பெயிண்டில் கீறல் என்று கழித்தான். இன்னொன்றை, எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் நட்டு லூசாக இருந்தது என்று இன்டர்நெட்டில் எழுதியிருக்கிறார் என்று கழித்தான். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வதா, சாவி போட்டா என்பதில் ஒரு மழைக்காலம் போனது. நாளடைவில் அந்தத் தெருக் கடைக்காரர்களுக்கு அவன் நடையே பழகிவிட்டது. அவனைத் தூரத்தில் பார்த்தாலே ஒருவர் சாப்பிடக் கிளம்பிவிடுவாராம், காலை பத்து மணிக்கு.

இதற்குள் அண்ணி இரண்டாவது தடவை முட்டை வைத்தாள். கரண்ட் போகும்போதெல்லாம் போர்வை, வெந்நீர் பாட்டில் என்று பெட்டியைச் சுற்றி ஒரு பிரசவ வார்டே நடத்தினாள். நானும் கடையிலிருந்து வெந்நீர் ஒத்தடப் பைகளைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒருநாள் அவள் காய்ச்சலில் தூங்கிவிட்டாள், கரண்ட் போனது தெரியவில்லை. அதுவும் போயிற்று. அன்றைக்கு அண்ணன் எங்கே இருந்தான் என்கிறீர்களா? ஜெனரேட்டர் பார்க்கப் போயிருந்தான்.

“ஏதாவது ஒண்ண வாங்கித் தொலையேன்,” என்று நான் கத்தினேன்.

“ஏதாவது ஒண்ணா? உங்க கடைக்கு வர்றவங்களுக்கு ஏதாவது ஒரு மாத்திரை குடுப்பியா நீ?” என்றான்.

நியாயம் முழுக்க அவன் பக்கம், நஷ்டம் முழுக்க அண்ணி பக்கம் என்று அந்த வீட்டில் எப்போதோ பாகம் பிரித்துவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் தீவனக் கடைக்காரர் ஒரு நல்ல சேதி கொண்டுவந்தார். கோழித் தீவனம் விற்பவர், நாலு பண்ணைகளோடு பழக்கம் உள்ளவர். கூடத்தில் உட்கார்ந்து பேசினார்.

“ஒரு பண்ணைக்காரர் மாசாமாசம் குஞ்சு கேக்கறார்மா. நீங்க குடுத்தா உங்ககிட்டயே தொடர்ந்து எடுத்துக்கச் சொல்றேன். அடுத்த தடவை பொரிக்கற ஈடு முழுசா வேணும். ஆனா ஒண்ணு, மறுபடியும் கரண்ட் போச்சுன்னு சொல்லிடாதீங்க. அப்புறம் நான் வேற ஆளத்தான் பாக்கணும். தப்பா நினைக்காதீங்க.”

“இந்தத் தடவை போகாதுங்க,” என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அண்ணி யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். இந்த ஒன்று கிடைத்துவிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

முட்டைகளை அடுக்கிப் பெட்டியை மூடிய அன்று மாலை, அண்ணன் கால் கழுவிவிட்டு வரும்வரை காத்திருந்து சொன்னாள்.

“வெச்சுட்டேங்க. மூணு வாரம். குஞ்சு வர்றதுக்குள்ள பின்னாடி ஒரு ஜெனரேட்டர் நிக்கணும். எது நின்னாலும் சரி. நீங்க கொண்டுவரலன்னா நானே கிளம்பிப் போய், கண்ணுல படற முதல் கடையில முதல்ல இருக்கறத வாங்கிட்டு வந்துடுவேன்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் ‘முதல் கடை’ என்று சொல்லிவிட்டாள். அவன் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய மிரட்டலை யாரும் விட்டதில்லை.

வாங்கினான். நம்பவே முடியவில்லை, வாங்கியே விட்டான். நீல நிறத்தில் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் வண்டியிலிருந்து இறங்கியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. எலெக்ட்ரீஷியன் வந்து பின்புறச் சுவரோரம் சிமெண்ட் மேடையில் நிறுத்தி, புகை வீட்டுப் பக்கம் வராதபடி குழாயைத் திருப்பி, கூடத்தில் ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் மாட்டிக் கொடுத்தார். கைப்பிடியை மேலே தள்ளினால் தெருக் கரண்ட், கீழே தள்ளினால் ஜெனரேட்டர். பின் அறைக்கும் லைன் இருக்கிறதா என்று அண்ணி இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். கடைக்காரர் டேங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றியே அனுப்பியிருந்தார். இவன் திரும்ப வராமல் இருந்தால் போதும் என்ற வேண்டுதலாக இருக்கும்.

நல்ல மெஷின்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். சத்தம் குறைவு, ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. அம்பு ஒட்ட இடமே இல்லை. அதுதான் அண்ணனை வாட்ட ஆரம்பித்தது. ஒரு வாரத்துக்குள் ஏதாவது குறை தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கடையில் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் பார்த்துக் கரண்ட் போகவே இல்லை. இத்தனை வருஷம் எங்களை உலுக்கி எடுத்த கரண்ட், மருமகன் வந்த வீட்டு மாமியார் மாதிரி அவ்வளவு நல்லபடியாக நடந்துகொண்டது. அண்ணிக்கு அப்பாடா என்று இருந்தது. அண்ணனோ ஜெனரேட்டரைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“டேங்க் ஃபுல்லா இருந்தா ஏழு மணி நேரம் ஓடும்னு போட்டிருக்கான். யாரு பாத்தா?” என்றான் என்னிடம்.

“கரண்ட் போனா பாத்துக்கலாம்.”

“போகலன்னா? ஒரு வாரம் முடிஞ்சுடுமே. கம்பெனியில பீஸைத் துவைச்சுப் பாக்காம, பட்டனை இழுத்துப் பாக்காம அனுப்பிடுவோமா?”

உள்ளேயிருந்து அண்ணி கேட்டுவிட்டாள். “இப்ப எதையும் நோண்டாதீங்க. குஞ்சு ஓட்டைக் கொத்தற நேரம். இந்த ரெண்டு நாள்தான் முக்கியம்.” அண்ணன் சரி என்று தலையாட்டினான். அவன் தலையாட்டலை நம்பித்தான் அவளும் இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறாள்.

மறுநாள் தீவனக் கடைக்காரர் அண்ணியைப் பண்ணைக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. குஞ்சுகளை எங்கே விடுவார்கள், எப்படிக் கொண்டுபோவார்கள் என்று பண்ணைக்காரரோடு நேரில் பேசுவதற்கு. காலையில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வர முடியும். அண்ணிக்குப் பெட்டியை விட்டுப் போக மனமே இல்லை. அண்ணன் அன்றைக்கு லீவு போட்டிருந்தான். அவன் லீவு போட்டு யாரும் பார்த்ததில்லை என்பதால், அண்ணிக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது.

“பெட்டியைத் திறக்க வேண்டாம், தண்ணி ஊத்த வேண்டாம். ஒண்ணுமே பண்ண வேண்டாம். சும்மா இருந்தா போதும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அண்ணி தெருமுனை திரும்பியதும் அண்ணன் கூடத்துக்குப் போய்ச் சேஞ்ச்ஓவரைக் கீழே தள்ளினான். நல்ல கரண்ட் தெருவில் ஓடிக்கொண்டிருக்க, அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்தான். லீவு போட்டதே இதற்குத்தான். ஃபைனல் செக்கிங்.

வீட்டில் இருந்த அத்தனை லைட்டையும் போட்டான். எல்லா ஃபேனும், டிவியும், மோட்டாரும். அயர்ன் பாக்ஸைச் சூடாக்கி, துணியில்லாமல் நிறுத்தி வைத்தான். ஜெனரேட்டர் அசரவில்லை. அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஏழு மணி நேரம் என்பது உண்மையா என்று பார்க்க ஆரம்பித்தான். சாப்பாட்டையும் அங்கேயே எடுத்துவந்து சாப்பிட்டிருக்கிறான். இதெல்லாம் பின்னால் அவனே சொன்னது. சொன்னபோது கொஞ்சம் பெருமையாகவே சொன்னான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஏழு மணி நேரம் தாண்டி இன்னும் கொஞ்சம் ஓடிவிட்டு, கடைசிச் சொட்டுப் பெட்ரோலும் தீர்ந்து, ஜெனரேட்டர் இருமி நின்றது. போட்டிருந்தது உண்மை. அண்ணன் எழுந்து உள்ளே போய், திருப்தியாகச் சேஞ்ச்ஓவரை மேலே தள்ளினான்.

ஒரு லைட்டும் எரியவில்லை.

கரண்ட் எப்போதோ போயிருந்தது. பக்கத்து ஏரியாவில் ட்ரான்ஸ்ஃபார்மர் வெடித்து, தெருவில் அத்தனை பேரும் வாசலுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெனரேட்டர் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தவனுக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் தன் வீடு மட்டும் ஜொலிப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பான். ஒயரிங்கில் கோளாறு என்று நினைத்து எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டிருக்கிறான். அவர்தான், “மொதல்ல தெருவுல கரண்ட் இருக்கான்னு எட்டிப் பாருங்க சார்,” என்றாராம்.

எட்டிப் பார்த்தான். சரி, வரும்போது வரட்டும் என்று கூடத்துக்கு வந்து சாய்ந்து உட்கார்ந்தான். நாளெல்லாம் காதில் இரைச்சல் கேட்டவனுக்கு அந்த அமைதி தாலாட்டு மாதிரி இருந்திருக்கும். தூங்கிவிட்டான்.

பின் அறை அவனுக்கு ஞாபகமே வரவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஒரு வருஷத்துக்கு மேல் எதற்காக அலைந்தானோ, அது நாலடி தூரத்தில் ஆறிக்கொண்டிருந்தது. இவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

நான் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கவும், அண்ணி தீவனக் கடைக்காரர் வண்டியிலிருந்து இறங்கவும் சரியாக இருந்தது. அவள் முகம் பூரித்திருந்தது. பண்ணைக்காரர் சரி சொல்லிவிட்டார். அப்புறம்தான் தெரு இருட்டாக இருப்பதைப் பார்த்தாள். “நம்ம வீட்டுல ஏன் லைட் இல்ல?” என்றாள். கேட்டுக்கொண்டே ஓட ஆரம்பித்துவிட்டாள்.

பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்தாள். அடுத்த நிமிஷம் அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டாள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். “ஏழு மணி நேரம் கரெக்டா ஓடுச்சு,” என்றான். சத்தியமாக அதுதான் அவன் சொன்ன முதல் வார்த்தை.

“பெட்ரோல்?” என்றாள் அண்ணி.

வீட்டில் ஒரு சொட்டுகூட இல்லை. பெட்ரோல் வாங்கி வைக்க ஒரு கேன் வேண்டுமே, அந்தக் கேனை அவன் இன்னும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தான். தகரமா, பிளாஸ்டிக்கா என்பதில் நின்றிருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பங்க்குக்கு ஓடினான். பாட்டிலில் ஊற்றக்கூடாது என்று சட்டம் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சட்டம் சரிதான் என்று இவனும் ஒத்துக்கொண்டு வந்துவிட்டான்.

என் ஸ்கூட்டர் டேங்கில் டியூபை விட்டு நான்தான் வாயால் உறிஞ்சினேன். வாய் நிறையப் பெட்ரோல். துப்பிவிட்டு நிமிர்ந்தால், அண்ணன் பக்கத்தில் செல்போன் லைட்டைப் பிடித்துக்கொண்டு கேட்கிறான், “டியூப் சுத்தமா இருக்கா?”

“தள்ளிப் போயிடு,” என்றேன். அண்ணனிடம் நான் கத்தியிருக்கிறேன், தள்ளிப் போ என்று அதுவரை சொன்னதில்லை.

வறண்டு நின்ற மெஷின் உடனே கிளம்பவில்லை. கயிற்றை அவன் இழுத்தான், நான் இழுத்தேன், பக்கத்து வீட்டுக்காரர் வந்து இழுத்தார். உள்ளே அண்ணி வெந்நீர்ப் பைகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒருவழியாக அது உறுமியபோது அண்ணி வெளியே வரவில்லை, லைட் எரிந்ததைப் பார்த்து நிமிரவும் இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று சொல்வோமே, அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

அடுத்த இரண்டு நாளில் கொஞ்சம் குஞ்சுகள் வந்தன. பாதிக்கும் குறைவு. வந்தவையும் ஒவ்வொன்றாக, களைத்துப்போய் வந்தன. தீவனக் கடைக்காரர் பெரிய அட்டைப் பெட்டிகளோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“ஜெனரேட்டர் வாங்கியிருக்கீங்கன்னு சொன்னீங்களேம்மா?”

“வாங்கினோங்க,” என்றாள் அண்ணி.

அவர் கெட்டவர் இல்லை. இருப்பதை எடுத்துக்கொள்ள நாளைக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார், மீதிக்கு வேறு இடத்தில் பேசிவிட்டதாகவும் சொன்னார். பண்ணைக்காரர் இனி அங்கேயே வாங்கிக்கொள்வாராம். காலி அட்டைப் பெட்டிகளை மடித்து வண்டியில் வைத்துக்கொண்டு போனார். அண்ணன் வாசல் வரை போய், மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அண்ணி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பார்ப்பது இந்தத் தொழிலில் வழக்கம். உள்ளே குஞ்சு எந்த அளவுக்கு வளர்ந்து நின்றது என்று பார்த்தால், தப்பு முட்டையிலா, சூட்டிலா என்று தெரிந்துவிடும். முன் இரண்டு தடவையும் அண்ணியே தனியாக உட்கார்ந்து அதைச் செய்தாள். இந்தத் தடவை தட்டை எடுத்து வந்து சாப்பாட்டு மேஜை மேல் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க,” என்றாள் அண்ணனிடம். “நீங்கதானே செக்கிங்ல பெரிய ஆளு. ஒவ்வொண்ணா உடைச்சுப் பாத்துச் சொல்லுங்க. எதுல என்ன குறைன்னு எனக்குத் தெரியணும்.”

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். முதல் முட்டையின் அகன்ற பக்கத்தைத் தட்டி, ஓட்டை நகத்தால் உரித்தான். உள்ளே மஞ்சள் ரோமத்தோடு குஞ்சு, தலையை இறக்கைக்கு அடியில் செருகி, மூக்கை ஓட்டுப் பக்கம் நீட்டியபடி இருந்தது. கொத்துவதற்குத் தயாராக இருந்திருக்கிறது. அதை உள்ளங்கையில் வைத்துக் காலைப் பிரித்துப் பார்த்தான், நகத்தைப் பார்த்தான், இறக்கையை விரித்துப் பார்த்தான். கீழே வைத்தான். இரண்டாவதை எடுத்தான். மூன்றாவதில் கை நின்றுவிட்டது.

“இது போதுமே,” என்றான்.

“எல்லாத்தையும் பாருங்க.”

பார்த்தான். வேகமாகச் செய்யத் தெரியாதவன், ஒவ்வொன்றாகத்தான் பார்த்தான். மேஜை மேல் மஞ்சளாக வரிசை நீண்டுகொண்டே போனது. பின் அறையிலிருந்து உயிரோடு இருந்தவை கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன. கடைசி முட்டையையும் உரித்து வைத்த பிறகு அவன் தலை நிமிரவில்லை.

“பாத்துட்டீங்களா?” என்றாள் அண்ணி.

“பாத்துட்டேன்.”

“என்ன குறை?”

அண்ணன் வரிசையை மறுபடி ஒருமுறை ஆரம்பத்திலிருந்து பார்த்தான்.

“காலு, இறக்கை, மூக்கு... எல்லாம் முழுசா இருக்கு. ஒண்ணுல கூட ஒரு குறையும் இல்ல.”

“அத நீங்களே பாத்துச் சொல்லணும்னுதான்,” என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு, இருக்கிற குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். அண்ணன் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை.